வாடை வீசும் முகட்டில்: இங்கிலாந்துக் குன்றுகளில் பாராகிளைடிங் பழகப்போகிறவர்களுக்கு

இராயபுரத்தில் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற எவருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலையொட்டி நிகழும் ஒரு மாற்றம் தெரிந்திருக்கும். காலையிலிருந்து கடலை நோக்கிப் படபடத்துக்கொண்டிருந்த புடவை சிறிது நேரம் தொய்ந்து தொங்கும். பிறகு கொடிக்கயிற்றின் மறுபக்கம் புரண்டு ஊரை நோக்கிப் பறக்கத் தொடங்கும். தரைக்காற்று ஓய்ந்து கடற்காற்று ஏறிவிட்டதை வீட்டிலுள்ளவர்கள் வானிலை அறிக்கை எதையும் பார்க்காமலேயே சொல்லிவிடுவார்கள். இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு குன்றின் முகட்டில் நின்று பாராகிளைடரை விரிப்பதற்கு முன் நீங்கள் தேடிப் பார்க்கவேண்டியதும் ஏறக்குறைய இதே மாற்றத்தைத்தான். அங்கே அதைக் கவனிக்கத் தவறுவது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

பிரைட்டன் நகரில் வேலை பார்த்த ஆண்டுகளில் நான் இந்தப் பறத்தலைக் கற்றேன். ஊர் திரும்பிய பிறகு, தண்டையார்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் மேற்படிப்புக்காக அங்கே செல்லும் பிள்ளைகள் சிலர் அதைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவர்களிடம் துண்டுதுண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தனியே பறக்க முயலக் கூடாது. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவர், அங்கே சொல்லித்தருவதன் காரணத்தைப் புரிந்துகொள்ள இது உதவும்.

முகட்டுக் காற்று ஆளைத் தூக்குவது எப்படி

பாராகிளைடருக்கு எஞ்சின் கிடையாது. துணியாலான அந்த இறக்கையின் முன்விளிம்பில் வரிசையாக வாய்கள் திறந்திருக்கும். அவற்றின் வழியே காற்று புகுந்து அறைகளை நிரப்ப, துணி விறைத்து விமான இறக்கையின் வடிவத்தைப் பெறுகிறது. 1960-களில் டொமினா ஜால்பர்ட் என்பவர் வடிவமைத்த, காற்றால் நிரம்பும் காத்தாடியும் பாராசூட்டும்தான் இதற்கு மூலம். 1978-இல் பிரான்சின் மியூசி என்ற ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் மூன்று பாராசூட் வீரர்கள் சதுரப் பாராசூட்டுகளை மலைச்சரிவில் விரித்து ஓடிப் புறப்பட்டுக் காட்டியதிலிருந்து இது தனி விளையாட்டாக வளர்ந்தது. மொட்டைமாடியில் காத்தாடி விட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பரம்பரை அந்நியமானதல்ல.

அசையாத காற்றில் இந்த இறக்கை எப்போதும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும். ஆனால் நீளமான குன்றின்மீது காற்று நேர்குத்தாக மோதும்போது, அதற்குப் போக வேறு வழி இல்லாததால் சரிவையொட்டி மேல்நோக்கித் திரும்புகிறது. அப்படி மேலெழும் காற்றின் வேகம் இறக்கை இறங்கும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை, முகட்டுக்கு முன்னாலும் சற்று மேலாகவும் நீண்டு கிடக்கும் அந்தக் காற்றுப் பட்டையில் நீங்கள் இங்கும் அங்குமாகப் போய்வந்துகொண்டே மணிக்கணக்கில் மிதக்கலாம்.

அதே காற்று முகட்டைத் தாண்டியதும் குணம் மாறிவிடுகிறது. பாறையைத் தாண்டி விழும் ஆற்றுநீர் பின்புறம் சுழல்வதைப் போல, குன்றின் பின்பக்கத்தில் காற்று கீழ்நோக்கிச் சரிந்து சுருண்டுகொள்கிறது. பறப்பவர்கள் இதை ரோட்டர் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழலில் துணி இறக்கை மடிந்துபோகும். எனவே முகட்டின் முன்பக்கம் நமக்கு வீடு, பின்பக்கம் எந்நிலையிலும் நுழையக் கூடாத இடம். இந்த வழிகாட்டியில் இனி வரும் எல்லா அறிவுரைகளும் இந்த ஒன்றிலிருந்து பிறப்பவைதாம்.

பள்ளியும் சங்கமும்

பிரிட்டனில் பாராகிளைடர் ஓட்டச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டவுடன் பழைய இறக்கை ஒன்றை இணையத்தில் வாங்கிக்கொண்டு குன்றேறிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரிட்டிஷ் ஹேங் கிளைடிங் அண்டு பாராகிளைடிங் அசோசியேஷன் என்ற அமைப்பின் கீழ் இயங்கும் பள்ளிகளே முறையான வழி. அங்கே முதலில் எலிமெண்டரி பைலட், அடுத்து கிளப் பைலட் என்று இரண்டு படிகள் உண்டு. கிளப் பைலட் தேர்ச்சி பெற்ற பிறகே பள்ளியின் மேற்பார்வை இல்லாமல் உள்ளூர்ப் பறப்போர் சங்கத்தின் குன்றுகளில் பறக்கலாம். இந்த அமைப்பின் உறுப்பினராவதோடு, பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும் சேர்ந்து வருகிறது. பெரும்பாலான குன்றுகளில் பறக்க அது கட்டாயம்.

பயிற்சிக்கு நாள் குறிக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். முதற்படிக்குச் சில நாட்களே போதும் என்று பள்ளிகள் சொல்வது பறக்கத் தகுந்த நாட்களின் கணக்கு. இங்கிலாந்தில் அந்த நாட்கள் தொடர்ச்சியாக வருவதில்லை. எனக்கு முதற்படி முடிய இரண்டு மாதங்கள் ஆயின. அதில் பாதி நாட்கள் காலையில் தொலைபேசியில் “இன்றைக்கு இல்லை” என்ற செய்தி வந்ததோடு முடிந்தன. அந்தச் செய்தியை அனுப்பத் தயங்காத பள்ளியே நல்ல பள்ளி.

கருவிகள்

கருவிகளைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. பள்ளியே கொடுத்துப் பழக்கும். இறக்கை, அதிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள், அவை வந்து சேரும் ரைசர் பட்டைகள், நீங்கள் அமரும் ஹார்னஸ், ஹெல்மெட், ரிசர்வ் பாராசூட் ஆகியவையே முக்கியம். கணுக்காலைப் பிடித்து நிற்கும் பூட்சும் கையுறையும் கோடையிலும் தேவை. ஜூலை மாதத்திலும் முகட்டில் காற்று குளிரும்.

சொந்த இறக்கை வாங்கும் நேரத்தில் நம் பிள்ளைகள் செய்யும் ஒரு பிழையை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் இறக்கையும் குறிப்பிட்ட எடை வரம்புக்காகச் செய்யப்படுகிறது. அந்த எடை என்பது உங்கள் உடல் எடை மட்டுமல்ல, உடை, ஹார்னஸ், இறக்கை எல்லாம் சேர்ந்த மொத்த எடை. ஐம்பத்தைந்து, அறுபது கிலோ எடையுள்ள நம்மவர்களுக்கு, அங்கே மலிவாகக் கிடைக்கும் பழைய இறக்கைகளில் பெரும்பாலானவை மிகப் பெரியவை. பெரிய இறக்கையில் இலகுவான ஆள் தொங்கினால் பறக்கும் வேகம் குறையும், காற்று சற்று வலுத்தாலும் முன்னேற முடியாமல் போகும், துணியும் எளிதில் மடியும். விலை குறைவு என்பதற்காக அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். தொடக்கநிலையினருக்கான ஏ வகைச் சான்றிதழ் பெற்ற இறக்கையே முதல் இறக்கையாக இருக்கட்டும். அதையும் பரிசோதனைக் கூடத்தில் கயிறு வலிமையும் துணியின் காற்றுக்கசிவும் சோதித்த பிறகே வாங்குங்கள்.

நாளைத் தேர்வது

லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பிரைட்டன். அங்கிருந்து 77-ஆம் எண் பேருந்து டெவில்ஸ் டைக் என்ற குன்றின் உச்சிக்கே போகிறது. 217 மீட்டர் உயரமுள்ள இந்தச் சுண்ணக்கல் குன்று சவுத் டவுன்ஸ் தொடரில் இருக்கிறது. தெற்கே கடல், வடக்கே சரிவு செங்குத்தாக இறங்க, அதன் அடியிலிருந்து வயல்களும் வேலிமரங்களும் கண்ணுக்கெட்டியவரை பரந்து கிடக்கும். சரிவு வடக்கும் வடமேற்கும் பார்த்திருப்பதால், அந்தத் திசைகளிலிருந்து காற்று வரும் நாளில்தான் இங்கே பறக்க முடியும். நம் பழைய பெயரில் சொன்னால் இது வாடைக்கான குன்று. தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வந்தால், லூயிஸ் நகருக்கு அருகிலுள்ள மவுண்ட் கேபர்ன் போன்ற, அந்தப் பக்கம் முகம் காட்டும் குன்றுக்குப் போகவேண்டும். வானிலை அறிக்கையில் வடக்குக் காற்று என்று இருந்தால் வடக்கிலிருந்து வரும் காற்று என்று பொருள். நாம் வாடை, தென்றல் என்று வரும் திசையால் பெயர் வைப்பதைப் போன்றதே இதுவும்.

திசைக்கு அடுத்தது வலிமை. தொடக்கநிலை இறக்கை ஒன்று பிரேக் (இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்க இரண்டு கைகளிலும் பிடிக்கும் கயிறு) எதையும் இழுக்காத நிலையில் காற்றின் ஊடே மணிக்குச் சுமார் 36 கி.மீ. வேகத்தில் பறக்கும். எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால் தரையைப் பொறுத்து 16 கி.மீ. முன்னேறுவீர்கள்; 36 என்றால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்; அதற்கு மேல் போனால் முகம் கடலுக்கு எதிர்த்திசையில் இருக்க, உடல் பின்னோக்கி ரோட்டரை நோக்கி நகரும். அங்கே எல்லோரும் மைல் கணக்கிலேயே பேசுவார்கள். மணிக்கு 10 முதல் 15 மைல்வரை புதியவருக்கு நல்ல காற்று. 18 மைலைத் தொட்டால் இறக்கையைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதையும் மறக்காதீர்கள். அடிவாரத்தில் இதமாக இருக்கும் காற்று, முகட்டில் நெருங்கிப் பிதுங்கிச் செல்வதால் அங்கே கூடுதல் வேகத்தோடு இருக்கும். சராசரி வேகத்தைவிட வீச்சுக்கும் ஓய்வுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்: 12-க்கும் 14-க்கும் இடையே அசையும் காற்று நல்லது, 8-லிருந்து 18-க்குத் தாவும் காற்று கெட்டது, இரண்டின் சராசரியும் ஒன்றாகவே இருந்தாலும்.

இப்போது மொட்டைமாடிப் புடவைக்கு வருகிறேன். டெவில்ஸ் டைக்கில் மெல்லிய வாடை வீசும் வெயில் நாளில், நிலம் சூடாகச் சூடாகத் தெற்கேயுள்ள கடலிலிருந்து கடற்காற்று கிளம்பும். அது குன்றின் முதுகுப்பக்கம் ஏறி முகட்டை அடைந்தால், அதுவரை தூக்கிக்கொண்டிருந்த முன்சரிவே ரோட்டர் பக்கமாகிவிடும். இதற்கு முன்னறிகுறிகள் உண்டு. பிரைட்டனுக்கு எதிரே கடலில் ராம்பியன் காற்றாலைப் பண்ணையின் 116 காற்றாலைகள் நிற்கின்றன. தெளிவான நாளில் முகட்டிலிருந்தே தெரியும். அவற்றின் முகங்கள் வடக்கிலிருந்து விலகித் தெற்கே திரும்பத் தொடங்கினால், கடல்மீது காற்று மாறிவிட்டது என்று பொருள். முகட்டுக் காற்று காரணமின்றித் தளர்வது, திசை காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை சில நொடிகள் தொங்கி மறுபடி எழுவது, கடற்பக்கத்துப் புகை நிலத்தை நோக்கிச் சாய்வது ஆகிய ஒவ்வொன்றும் எச்சரிக்கை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகை மேலே ஒரு பக்கமும், மீஞ்சூர்ச் சாலையோரத்துக் குப்பைப் புகை கீழே வேறு பக்கமும் சாய்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கண்ணோடு பாருங்கள்.

என் தாய்மாமா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். சிறுவயதில் அவரோடு துறைமுகத்தில் நிற்கையில், படகுகளின் கொடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, “காத்து சரியில்லடா, மத்தியானத்துக்குள்ள மாறிடும், இன்னிக்கு வாணாம்” என்று சொல்லி, பக்கத்துப் படகுகள் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டே வலையைச் சுருட்டிவைப்பார். மற்றவர்கள் போகிறார்கள் என்பது அவருக்கு ஒருபோதும் காரணமாக இருந்ததில்லை. முகட்டில் பத்துப் பேர் பறந்துகொண்டிருப்பதைப் பார்த்துக் கால் துறுதுறுக்கும்போது நான் அவரை நினைத்துக்கொள்வேன். பறக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் உங்களைவிடப் பல ஆண்டுகள் அனுபவமும் வேகமான இறக்கையும் உள்ளவர்களாக இருக்கலாம்.

முகட்டில் முதல் அரை மணி

வந்தவுடன் பையைத் திறக்காதீர்கள். முகட்டின் விளிம்புக்கு நடந்து போய்க் காற்று முகத்தின் நடுவில் படுகிறதா, ஒரு கன்னத்தில் மட்டும் படுகிறதா என்று பாருங்கள். நேர்குத்திலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து பாகை விலகினால் தூக்குதல் குறைந்து, சரிவின் மடிப்புகளில் காற்று அலைபாயும். கையிலுள்ள காற்றுமானியை ஐந்து நிமிடம் பிடித்து, மிகக் குறைந்த அளவையும் மிக அதிக அளவையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பறப்பவர்கள் முன்னேறுகிறார்களா, நிற்கிறார்களா என்று கீழேயுள்ள வேலிமரம் ஒன்றை அடையாளமாக வைத்துக் கணியுங்கள். கீழே வயல்களில் மேகநிழல் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாக ஓடுகிறது என்பது மேற்காற்றைச் சொல்லும். வடமேற்கில் கருத்து உயரும் மேகம் இருந்தால், அது மழையோடு திடீர்க் காற்றையும் கொண்டுவரும். அது கடந்து போகும்வரை காத்திருங்கள்.

அங்கே இருக்கும் மூத்தவர் ஒருவரிடம் பேசுங்கள். சங்கங்களில் கோச் என்று நியமிக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். வயதில் மூத்தவரையும் அங்கே பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள் என்பதால் கூச்சப்பட வேண்டாம். குன்றின் விதிகளை அவரிடம் கேட்டறியுங்கள். எங்கே இறங்கலாம், எந்த வயலில் பயிர் நிற்கிறது, ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் எந்தப் பகுதி மூடப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் குன்றுக்குக் குன்று மாறும். சுமார் 30 கி.மீ. வடக்கே காட்விக் விமான நிலையம் இருப்பதால், டெவில்ஸ் டைக்கின் மேலே குறிப்பிட்ட உயரத்துக்குப் பின் விமானங்களுக்கான வான்வெளி தொடங்குகிறது. அந்த எல்லையை அன்றைய வரைபடத்தில் பார்த்துக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது. புதியவர் என்பதைக் காட்ட ஹார்னஸில் சிவப்பு நாடா கட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. அதைக் கட்டுங்கள், மற்றவர்கள் உங்களுக்குக் கூடுதல் இடம் விட்டுப் பறப்பார்கள்.

இறக்கையை எழுப்புவது

இந்தக் கலையில் பெரும்பகுதி தரையிலேயே இருக்கிறது. விளையாட்டு மைதானத்தில் காலூன்றி நின்று இறக்கையைத் தலைக்கு மேல் நிறுத்திப் பழகும் ஒவ்வொரு மணி நேரமும் முகட்டில் உங்களைக் காக்கும்.

இறக்கையை மேற்பரப்பு தரையில் படுமாறு, முன்விளிம்பு உங்களுக்கு எதிர்ப்புறமாக, குதிரைலாட வடிவில் விரியுங்கள். மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர்கள் அங்கே முகட்டோரம் எங்கும் இருக்கும். ஒரு கயிறு அதில் சிக்கினாலும் இறக்கை கோணலாகவே எழும். ஹெல்மெட்டை முதலில் அணிந்து, பிறகு ஹார்னஸுக்குள் நுழைந்து, தொடைப் பட்டைகள் இரண்டையும் பூட்டி, பூட்டிய ஓசையைக் கேட்டு, ஒருமுறை இழுத்தும் பாருங்கள். தொடைப் பட்டையைப் பூட்ட மறந்து புறப்பட்டவர்கள் ஹார்னஸிலிருந்து நழுவி விழுந்து இறந்திருக்கிறார்கள். இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால், பேசி முடித்ததும் சோதனையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

பத்து மைலுக்கு மேல் காற்று இருந்தால் இறக்கையைப் பார்த்தபடி நின்றுதான் எழுப்பவேண்டும். திரும்பி நிற்கும்போது ரைசர்கள் இரண்டும் உங்கள் முன்னால் பெருக்கல் குறிபோலக் குறுக்கிடும். எந்த ரைசர் மேலே இருக்கிறதோ, அதை வைத்தே புறப்படும்போது எந்தப் பக்கமாகச் சுழன்று திரும்பவேண்டும் என்பது முடிவாகிறது. மாற்றித் திரும்பினால் கயிறுகள் முறுக்கிக்கொண்ட நிலையில் தரையை விட்டு எழும்பிவிடுவீர்கள். எனவே எல்லா நாளும் ஒரே பக்கம் திரும்பும்படி பழகுங்கள். முன்விளிம்புக் கயிறுகள் வந்து சேரும் ஏ ரைசர்களை லேசாக இழுத்து முன்விளிம்பை மட்டும் ஒரு சுவர்போல எழுப்பி நிறுத்துங்கள். இந்த நிலையில் ஒவ்வொரு கயிறும் விறைத்துத் தெரியும். முடிச்சோ குச்சியோ இருந்தால் இப்போதே கண்ணில் படும். பிறகு ஓர் அடி பின்னோக்கி நகர்ந்தவாறே இழுத்தால் இறக்கை எழும். அது தலைக்கு மேல் வரும் கணத்தில் ஏ ரைசர்களை விட்டுவிட்டு, முன்னோக்கிப் பாய்ந்துவிடாதபடி இரண்டு பிரேக்குகளையும் சிறிது இழுத்துத் தடுக்கவேண்டும்.

அந்தச் சிறிது என்பது எவ்வளவு என்று எழுத்தில் சொல்வது கடினம். காத்தாடி உயரத்தில் நிற்கும்போது நூலை ஒற்றை விரலில் தாங்கி, இழுவை கூடும்போது விட்டுக்கொடுத்து, தொய்யும்போது சுண்டியிழுத்திருப்பீர்கள். சூத்திரம் சரியாகக் கட்டிய காத்தாடி விரலுக்குச் செய்தி சொல்லிக்கொண்டே இருக்கும். பிரேக் கயிற்றிலும் அதே செய்தி வருகிறது. இறக்கையின் எந்தப் பாதி தளர்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். இறக்கை சாய்ந்தால் கையால் மட்டும் திருத்த முயலாமல், சாயும் பக்கமாக நடந்து அதன் அடியில் போய் நில்லுங்கள்.

இறக்கை அசையாமல் நின்றதும், வானில் எதிரே ஆள் இல்லை என்று பார்த்து, திரும்பி, மார்பை முன்தள்ளி உறுதியாக நடந்து செல்லுங்கள். காலடியில் தரை விலகும்வரை நடை நிற்கக் கூடாது. எழும்பியவுடன் இருக்கையில் அமரத் துழாவாதீர்கள், சரிவிலிருந்து நன்றாக விலகிய பின் அமரலாம்.

இறக்கையைத் தரையில் அடக்கத் தெரிவது, எழுப்பத் தெரிவதைவிட அவசரமான பாடம். எனக்கு அது இரண்டாவது மாதத்தில் வாய்த்தது. காற்று வலுத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் இன்னொரு முறை என்று ஆசைப்பட்டு இறக்கையை எழுப்பினேன். அது என்னைக் காலோடு தூக்கி முகட்டின் பின்பக்கமாக இழுத்தது. பயத்தில் இரண்டு பிரேக்குகளையும் முழுவதும் இழுத்துப் பிடித்தேன். அதனால் இறக்கை பாய்மரம்போல விரிந்து இன்னும் வேகமாக இழுத்தது. முட்புதரில் முழங்கை கிழிய, இருபது முப்பது அடி தூரம் மல்லாந்தபடி போனேன். ஒரு பக்கத்தை மட்டும் இழு என்று பின்னாலிருந்து கோச் கத்தியது காதில் விழுந்த பிறகே இடது பிரேக்கை விட்டு, வலது பிரேக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே சுருட்டினேன். இறக்கை ஒரு பக்கமாகச் சுழன்று சரிந்தது. பின் ரைசர்களை இழுப்பது, இழுக்கும் திசையிலேயே எழுந்து இறக்கையை நோக்கி ஓடுவது, ஒரு பிரேக்கை மட்டும் முழுவதும் சுருட்டுவது ஆகிய மூன்றையும் லேசான காற்றில் நூறு முறை செய்து பாருங்கள். தேவைப்படும் நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

முகட்டோரம் பறக்கும் ஒழுங்கு

புறப்பட்டதும் நேராகச் சற்று வெளியே போய், பிறகு முகட்டுக்கு இணையாகத் திரும்புங்கள். காற்று உங்களைக் குன்றை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால், இறக்கையின் மூக்கு வெளிப்புறமாகக் கோணி இருக்க, நண்டு நடப்பதைப் போலப் பக்கவாட்டில்தான் நகர்வீர்கள். முனைக்கு வந்து திரும்பும்போது எப்போதும் குன்றுக்கு வெளிப்புறமாகத் திரும்பவேண்டும். குன்றை நோக்கித் திரும்பினால் காற்று முதுகுக்குப் பின் வந்து, தரைவேகம் திடீரென்று கூடிச் சரிவில் மோத நேரும். திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலாக ஒருமுறை பின்னால் பார்ப்பது கட்டாயம்.

எதிரே ஒருவர் வந்தால் இருவரும் வலப்புறம் விலகவேண்டும். இங்கும் இங்கிலாந்திலும் சாலையில் இடப்பக்கம் போய்ப் பழகியவர்களுக்கு இது கைக்கு வர நேரம் எடுக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி எதிரே ஏறி வரும்போது வண்டியை இடப்பக்கம் ஒடித்தே பழகியவர்கள் நாம். வானில் அதே பழக்கம் எதிரே வருபவரின் மீது கொண்டுபோய்விடும். முகட்டில் இன்னொரு நுட்பம் உண்டு. குன்று உங்கள் வலப்பக்கம் இருந்தால் உங்களால் வலப்புறம் ஒதுங்க முடியாது. அப்போது குன்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு வருபவரே வெளியே விலகி உங்களுக்கு வழிவிடவேண்டும். அதனால் குன்று உங்கள் இடப்பக்கம் இருக்கும் ஒவ்வொரு முறையும், விலகவேண்டியவர் நீங்கள்தான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே பறங்கள். நிலம் சூடாகி மேலெழும் ஏறுகாற்றில் ஒருவர் வட்டமிட்டு ஏறிக்கொண்டிருந்தால், அவர் சுற்றும் திசையிலேயே நீங்களும் சுற்றவேண்டும்.

முதல் சில மாதங்கள் பிரேக்கை ஆழமாக இழுத்து மெதுவாகப் பறக்கும் ஆசையை அடக்குங்கள்; இறக்கைக்கு வேகமே உயிர், அளவுக்கு மீறி இழுத்தால் அது பறப்பதையே நிறுத்திவிடும். ஒரு பக்கம் மடிந்தால் முதல் வேலை குன்றிலிருந்து விலகிய திசையைக் காப்பது: திறந்திருக்கும் பக்கமாக உடல் எடையைச் சாய்த்து, அந்தப் பக்கத்துப் பிரேக்கை மிதமாகப் பிடித்துத் திசையை நிறுத்திய பிறகே, மடிந்த பக்கத்தை ஒருமுறை ஆழமாக இழுத்து விட்டுத் திறக்கவேண்டும். முன்னேற்றம் குறைவதை உணர்ந்த உடனே, அதாவது நிற்பதற்கு முன்பே, வெளியே வந்துவிடுங்கள். வேகத்தைக் கூட்டும் ஸ்பீட் பார் என்ற மிதிகட்டையைக் கால்களால் மிதித்துக் குன்றுக்கு வெளியே நேராகப் போனால், உயரம் குறையும். அடிவாரம் உங்களை ஏற்றுக்கொள்ளும்.

இறங்குவது

உச்சியிலேயே இறங்குவதைத் தொடக்கத்தில் கோச்சின் கண்முன் மட்டும் செய்யுங்கள். முகட்டுக்கு மிக அருகில் காற்று மேலே தூக்கி இறங்கவிடாது. மிகவும் பின்னால் போனால் சுழல் தொடங்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டையில், பக்கவாட்டில் நகர்ந்தபடி வந்து, கடைசியில் காற்றுக்கு முகம் திருப்பி இறங்கவேண்டும்.

அடிவாரத்தில் இறங்குவதே புதியவருக்குப் பாதுகாப்பு, மறுபடியும் மூட்டையைச் சுமந்து ஏறவேண்டியிருந்தாலும். வயலைப் புறப்படுவதற்கு முன்பே தேர்ந்து வையுங்கள். பயிர் உள்ள வயலையும் கால்நடை உள்ள வயலையும் விட்டுவிடுங்கள். மின்கம்பிகள் உயரத்திலிருந்து தெரியா. கம்பங்களைத் தேடினால் கம்பிகள் எங்கே ஓடுகின்றன என்று புரியும். வேலிமர வரிசைக்குக் காற்று மறைவான பக்கத்தில் இறங்கினால், மரத்தின் பின்னுள்ள சுழலில் சிக்குவீர்கள். வயலின் நடுவே, காற்றுக்கு எதிராக, பிரேக்கைத் தளர்த்தி வேகத்தோடு வாருங்கள். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறைவதால் இறக்கை சட்டென்று இறங்குவதுபோல் தோன்றும். அப்போது பதறி பிரேக் இழுக்கவேண்டாம். இருக்கையிலிருந்து கால்களைத் தொங்கவிட்டு, தரை ஓர் ஆள் உயரத்தில் இருக்கும்போதுதான் இரண்டு பிரேக்குகளையும் சீராக முழுவதும் இழுக்கவேண்டும். தரை தொட்டதும் திரும்பி இறக்கையைச் சரித்து, கைகளில் அள்ளிக்கொண்டு ஓரமாக நகருங்கள். விரித்துக் கிடக்கும் இறக்கையைப் பார்த்தால் விபத்தோ என்று வழிப்போக்கர்கள் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துவிடுவதுண்டு.

திரும்பும் வழியில் திறந்து வந்த ஒவ்வொரு கேட்டையும் மூடுங்கள். பறக்கும் இடங்கள் பலவும் விவசாயிகள் அனுமதிப்பதால் கிடைப்பவை. ஓர் ஆடு சாலைக்கு வந்தால் அந்தக் குன்று முழுச் சங்கத்துக்கும் மூடப்படலாம். கோடையில் இரவு ஒன்பது மணியளவில்தான் வெளிச்சம் மறையும் என்பதால் மாலைக் காற்றில் நேரம் போவது தெரியாது. கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். அறைக்கு வந்ததும் பையைத் திறந்து இறக்கையை நிழலில் விரியுங்கள். மாலைப் பனியில் நனைந்த துணி சுருட்டிய நிலையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அறைகளுக்குள் புகுந்திருக்கும் வெட்டுக்கிளிகளையும் புல்லையும் பின்விளிம்புத் துளைகள் வழியே உதறி எடுத்துவிட்டு, முழுவதும் காய்ந்த பிறகு தளர்வாக மடித்து வையுங்கள்.